நாய்க்குட்டியின் இதயத்தில் சத்தம் கேட்கிறது என்றால்: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இதயத்துல லேசா சத்தம் இருக்கு, வளர வளர சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புவார். இல்லையென்றால், "ஹார்ட்ல ஓட்டை, ரொம்ப நாள் தாங்காது" என்பார். சத்தம் என்பது வழக்கமான துடிப்போடு சேர்ந்து, ரத்தம் கலங்கி ஓடுவதால் கேட்கும் கூடுதல் ஒலி (மர்மர்). இரண்டுமே ஸ்கேன் பார்க்காமல் சொல்லப்படுபவை. முதலாவதை நம்பி ஐந்து மாதம் சும்மா இருந்தவர்களையும் எனக்குத் தெரியும், இரண்டாவதை நம்பிக் குட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களையும் தெரியும்.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. இதயக் கோளாறோடு பிறந்த இரண்டு நாய்களை வளர்த்தவன். தெருவில் விடப்பட்ட குட்டிகளை வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவன். புதிதாக இதில் மாட்டுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் யோசிக்க வேண்டியதை முதல் நாளிலும் செய்துவிடுகிறார்கள். அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, காய்கறி நிறுக்கும் சிறிய தராசு, வீடியோ எடுக்க ஒரு செல்போன், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ். இவ்வளவு போதும்.

தராசு எதற்கு என்றால், இதயம் சரியில்லாத குட்டிக்கு எடை ஏறாமல் போகலாம். கண்ணுக்கு அது தெரியாது, ஏனென்றால் ரோமம் மறைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன், ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். கூடப் பிறந்த குட்டிகள் இருந்தால் அவற்றின் எடையும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஹார்னஸை இன்றே வாங்கிவிடுங்கள். இருமலோ மூச்சிரைப்போ உள்ள குட்டியின் கழுத்தைப் பட்டை இறுக்கினால், அது இருமுவது நெஞ்சுக் கோளாறாலா, பட்டையாலா என்று யாருக்கும் புரியாது.

2. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிகவும் பயன் தருவது இதுதான். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நல்ல தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நிம்மதி. ரொம்பச் சின்னக் குட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆகவே ஒரு நாள் எண்ணியதை வைத்து முடிவு கட்டாமல், ஏழு நாள் எழுதி அதன் போக்கைப் பாருங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு, குட்டி கனவு காணும்போது எண்ணுவது. கால் உதறும், உதடு துடிக்கும், மூச்சு தாறுமாறாக ஓடும். அந்த நேரத்தில் எண்ணினால் 60கூட வரும். அது அடங்கிய பிறகு எண்ணுங்கள். விளையாடி முடித்து நாக்கைத் தொங்கப் போட்டிருக்கும்போது எண்ணுவதும் வீண். மே மாத மதியத்தில் மின்விசிறி இல்லாத அறையில் எண்ணுவதும் அப்படித்தான்.

எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனாலோ, ஆழ்ந்த தூக்கத்திலும் 40ஐத் தாண்டி அங்கேயே நின்றாலோ, அடுத்த தடுப்பூசித் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள்.

3. ஈறு, களைப்பு, பால் குடிக்கும் விதம்

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தம் குறைவு. நீலம் பாய்ந்திருந்தால் உயிர்வாயு குறைவு. நம் நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறே கறுப்பு, அதில் ஒன்றும் தெரியாது. அப்படியிருந்தால் நாக்கையும் கீழ் இமையின் உட்புறத்தையும் பாருங்கள்.

பால் குடிக்கும் குட்டி நடுநடுவே விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா, மற்றவை ஓடும்போது இது மட்டும் உட்கார்ந்துவிடுகிறதா, உற்சாகத்தில் குதிக்கும்போது திடீரென்று சரிந்து விழுகிறதா என்று கவனியுங்கள். சரிந்து விழுந்தால், பயத்தை ஒதுக்கிவைத்து 20 விநாடி வீடியோ எடுங்கள். வலிப்பா, இதயத்தால் வந்த மயக்கமா என்பதை உங்கள் வர்ணனையைவிட அந்த வீடியோ டாக்டருக்கு நன்றாகச் சொல்லும்.

ஆனால் பிறவி இதயக் கோளாறோடு நான் பார்த்த குட்டிகளில் பாதிக்கு மேல், முதல் சில மாதங்கள் எந்தக் குறையும் காட்டாமல் செருப்பைக் கடித்துக்கொண்டு திரிந்தவைதான். குட்டி துறுதுறுவென்று இருப்பதை இதயம் சரியாக இருப்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்

குட்டி நிற்கும்போது இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் விலாவில் உள்ளங்கையை வையுங்கள். 'டப் டப்' என்று துடிப்பது தெரியும், அது இயல்பு. அப்புறம் விரல்களை மேலே, அக்குளுக்குள் விடுங்கள். அங்கே துடிப்புக்கு மேல் ஒரு அதிர்வு ஓடுகிறதா?

என்னிடம் இருந்த பட்டு என்ற வெள்ளைப் பொமரேனியன் பெட்டைக்கு ஒன்பது வாரம். மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்குளில் விரல் பட்டதும், சட்டைப்பையில் சைலண்ட்டில் வைத்த போன் அடிப்பதுபோல் இருந்தது. என் போன்தானோ என்று தேடியும் பார்த்தேன். போன் மேசைமேல் கிடந்தது.

சத்தத்தின் பலத்தை டாக்டர்கள் ஒன்று முதல் ஆறு வரை படிகளாகச் சொல்வார்கள். இப்படிக் கைக்கே அதிர்வு தெரிந்தால் சத்தம் ஆறில் ஐந்தாவது படியையோ ஆறாவது படியையோ எட்டிவிட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில் வரிசையை மாற்றலாம். இடையில் உள்ளதை விட்டுவிட்டு நேராக எட்டாவது பகுதிக்குப் போங்கள்.

5. ரத்தசோகையை ஒதுக்கிவிட்டு மேலே போங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். உண்ணி மொய்த்த குட்டி, கொக்கிப்புழு உள்ள குட்டி, உண்ணிக் காய்ச்சல் வந்த குட்டி ஆகியவற்றுக்கு ரத்தம் நீர்த்துப்போகும். நீர்த்த ரத்தம் வேகமாக ஓடும்போது நல்ல இதயத்திலேயே மெல்லிய சத்தம் கேட்கும். தெருவிலிருந்து வரும் குட்டிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குடற்புழு நீக்கம், உண்ணிக்கு மருந்து எல்லாம் முடித்து, ஈறில் சிவப்பு ஏறிய பிறகு மறுபடி கேட்கச் சொல்லுங்கள். சத்தம் போயிருந்தால் ஸ்கேன் செலவு மிச்சம். இது மெல்லிய சத்தத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பலத்த சத்தத்தை ரத்தசோகையின் தலையில் கட்டிவிடக் கூடாது.

6. டாக்டரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வி

கூட்டமான கிளினிக்கில் கத்திக்கொண்டிருக்கும் குட்டியின் நெஞ்சில் ஐந்து விநாடி ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒன்றும் கேட்காது. முடிந்தால் கூட்டமில்லாத நேரத்துக்குப் போங்கள். குட்டி மடியில் அமைதியாக இருக்கட்டும். ஊசி போடுவதற்கு முன்பே இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு அது பத்து நிமிடம் உங்கள் யாரையும் நம்பாது.

கேட்க வேண்டியவை: ஆறில் எத்தனையாவது படி? எந்தப் பக்கம், எந்த இடம்? துடிப்போடு விட்டுவிட்டு வருகிறதா, நிற்காமல் ஓடுகிறதா? தொடை இடுக்கில் நாடி எப்படி இருக்கிறது? பதில்களை அங்கேயே நோட்டில் எழுதுங்கள், தேதியோடு. மூன்று வாரம் கழித்து வேறொரு டாக்டர் கேட்கும்போது, "லேசா இருக்குன்னு சொன்னாங்க" என்பதைவிட "இரண்டாம் படி, இடப்பக்கம், விட்டுவிட்டு" என்பது எவ்வளவோ மேல்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பெரும்பாலான சத்தங்கள் துடிப்புக்குத் துடிப்பு 'உஷ்... உஷ்...' என்று வரும். தண்ணீர் மோட்டார் ஓடுவதுபோல் நிற்காமல் வரும் சத்தம் தனி ரகம். அது அக்குளுக்குள்தான் நன்றாகக் கேட்கும். முழங்கைக்குப் பின்னால் மட்டும் வைத்துக் கேட்டால் தவறிப்போகும். பட்டுவை முதலில் பார்த்த இடத்தில் அப்படித்தான் இரண்டு தடுப்பூசிக்கும் தவறிப்போனது. அதனால் கூச்சப்படாமல், "அக்குள்ல ஒரு தடவை வச்சுப் பாருங்க சார்" என்று கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

7. காத்திருப்பதா, ஓடுவதா

வளரும் குட்டிகளில் சிலவற்றுக்கு எந்தக் கோளாறும் இல்லாமலே ஒன்றாம், இரண்டாம் படிச் சத்தம் இருக்கும். இடப்பக்கம், மெல்லியதாக, குறுகிய நேரமே கேட்கும். நாலு, ஐந்து மாதத்தில் மறைந்துவிடும். எடை ஏறுகிறது, ரத்தம் சரி, மூச்சு சரி, சத்தமும் இந்த ரகம் என்றால் காத்திருக்கலாம். ஒவ்வொரு தடுப்பூசிக்கும் போகும்போது கேட்கச் சொல்லி எழுதுங்கள். ஆறாவது மாதத்திலும் இருந்தால் ஸ்கேன்.

மூன்றாம் படியோ அதற்கு மேலோ, நிற்காமல் ஓடும் சத்தம், வலப்பக்கம் பலமாகக் கேட்பது, கைக்கு அதிர்வு தெரிவது, எடை ஏறாதது, மயக்கம், நீலம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இனத்தையும் கணக்கில் எடுங்கள். கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர், பாக்ஸர் குட்டிகளுக்குப் பெருந்தமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம்) வால்வுக்குக் கீழே சுருக்கம் வரும் பழக்கம் உண்டு. குட்டி வளர வளர அது இறுகும். ஆரம்பத்தில் மெல்லியதாக இருந்த சத்தம் எட்டாம் மாதம் பலத்துவிடும். இவற்றுக்கு 'முன்னாடி லேசாத்தானே இருந்தது' என்ற வாதம் செல்லாது.

8. எக்கோ ஸ்கேன்: முதலில் இது, மற்றவை பிறகு

எக்ஸ்ரே இதயம் வீங்கியிருக்கிறதா, நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று காட்டும். இ.சி.ஜி. துடிப்பின் ஒழுங்கைக் காட்டும். இரண்டும் தேவைப்படலாம், ஆனால் கோளாறின் பெயரைச் சொல்வது, ஒலி அலையால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோதான், அதுவும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரோடு. 'எக்ஸ்ரே நார்மல், அதனால் இதயமும் நார்மல்' என்று முடித்துக்கொள்வது நான் பார்த்த தவறுகளில் மோசமானது.

எல்லா ஸ்கேன் கருவியும் எக்கோவுக்கு ஆகாது, எல்லோரும் குட்டி இதயத்தைப் படித்தவர்களும் இல்லை. வயிற்று ஸ்கேன் செய்கிற இடத்தில் இதயத்தையும் "ஒரு பார்வை" பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதித் தந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. தமிழ்நாட்டில் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கிளம்பும் முன் போன் செய்து, இதய எக்கோ எந்தக் கிழமை, யார் பார்ப்பார், முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டியைக் கூடையில் வைத்து நாலு மணி நேரம் பஸ்ஸில் போய், இன்று எக்கோ கிடையாது என்று திரும்பியவர்கள் உண்டு.

நெஞ்சின் இரண்டு பக்கமும் கொஞ்சம் ரோமம் சிரைப்பார்கள். குட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். வலி கிடையாது. தலைப்பக்கம் நீங்கள் நின்று காதைத் தடவிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் மயக்க ஊசி இல்லாமலே முடிந்துவிடும். முந்தின இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள். சின்னக் குட்டிக்குச் சர்க்கரை இறங்கிவிடும். எவ்வளவு நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்துவது என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

வெளியே வரும்போது கோளாறின் பெயர், கடுமையைச் சொல்லும் எண், எந்த அறை பெருத்திருக்கிறது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் ஆகிய நான்கும் தாளில் இருக்க வேண்டும். வீடியோவைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் ஒருவர் பார்த்துச் சொல்ல அது உதவும்.

9. பெயர் தெரிந்த பிறகு

முதலில் மோட்டார் சத்தத்தின் கதை. தாயின் வயிற்றில் குட்டியின் நுரையீரலுக்கு வேலை இல்லை. நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்து முதல் மூச்சு விட்ட சில நாட்களில் அது சுருங்கி மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் ஓட்டம் திசை மாறி, பெருந்தமனியின் ரத்தம் நாள் முழுக்க நுரையீரலுக்குள் கொட்டும். திரும்பி வரும் அத்தனையையும் இதயத்தின் இடப்பக்கம்தான் தள்ள வேண்டும். அது பெருத்து, களைத்து, ஒரு நாள் நுரையீரலில் நீர் கோத்துவிடும். இதைப் பி.டி.ஏ. என்பார்கள். பொமரேனியன், பூடில், மால்டீஸ், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் அதிகம், அதிலும் பெட்டைகளுக்கு.

சிகிச்சை செய்யாமல் விட்டால் இவற்றில் பாதிக்கு மேல் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. நேரத்தில் மூடினால் மற்ற நாயைப்போலவே வாழும். பிறவி இதயக் கோளாறுகளில் இவ்வளவு நன்றாகக் குணமாவது வேறொன்றும் இல்லை. காத்திருக்கக் கூடாத சத்தம் என்று நான் முதலிலிருந்து சொல்லிவருவது இதைத்தான்.

மூடுவதற்கு இரண்டு வழி. விலாவைத் திறந்து குழாயைக் கட்டுவது ஒன்று. தொடை ரத்தநாளம் வழியே மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பானைப் பொருத்துவது மற்றொன்று. மிகச் சிறிய குட்டிக்குத் தொடை நாளம் இரண்டாவதற்குப் போதாமல் இருக்கலாம். எது என்பதை எடையும் குழாயின் அளவும் முடிவு செய்யும். பட்டுவுக்கு விலாவைத் திறந்தார்கள். மறுநாள் அக்குளில் கை வைத்தேன். வெறும் துடிப்பு மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. நுரையீரல் அழுத்தம் ஏறிப்போய் ஓட்டம் தலைகீழாகிவிட்ட குட்டிகளும் உண்டு. வாய் ஈறு சிவப்பாக இருக்கும், பிறப்புறுப்பின் உட்புறம் நீலமாக இருக்கும், பின்னங்கால் தளரும், சத்தமோ இருக்காது. இவற்றுக்குக் குழாயை மூடவே கூடாது. மூடினால் இறந்துவிடும். எக்கோ இல்லாமல் அறுவை கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

நுரையீரல் வால்வுச் சுருக்கம் புல்டாக், ஃபிரெஞ்ச் புல்டாக், பீகிள் குட்டிகளில் பார்க்கலாம். அறிக்கையில் வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு என்று ஒரு எண் இருக்கும். 50க்குக் கீழ் லேசு, 80க்கு மேல் கடுமை. கடுமையானதைப் பலூன் விட்டு விரிக்கலாம். புல்டாக் என்றால், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் நாளம் வழிமாறி வால்வைச் சுற்றி ஓடுகிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். அப்படி ஓடினால் பலூன் அதைக் கிழித்துவிடும்.

பெருந்தமனிச் சுருக்கத்துக்குப் பலூன் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை, ஓட்டத்தைக் குறைப்பது, பல் சுத்தம், புண் வந்தால் உடனே கவனிப்பது என்றுதான் போகும். கடுமையானது திடீரென்று உயிரை எடுக்கும். அதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

கீழறைகளுக்கு நடுவே ஓட்டை என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இங்கே கணக்கு தலைகீழ். ஓட்டை சிறியதாக இருந்தால் ரத்தம் பீய்ச்சி அடித்துச் சத்தம் பலமாகும், பெரியதாக இருந்தால் சத்தம் குறையலாம். சிறிய ஓட்டையோடு ஒரு மாத்திரையும் இல்லாமல் முழு ஆயுள் வாழும் நாய்கள் இருக்கின்றன. என் இரண்டாவது நாய் அந்த ரகம். வயது பதினொன்று, இப்போதும் பூனையைத் துரத்துகிறான்.

இன்னொன்று, இதயத்துக்குப் பக்கத்து விஷயம். தாய்ப்பால் குடித்தவரை நன்றாக இருந்த குட்டி, கெட்டி உணவு தொடங்கியதும் சாப்பிட்ட சோற்றை அப்படியே வெளியே தள்ளுகிறதா? குமட்டல் இல்லாமல் வருகிறதா? பெருந்தமனி தவறான பக்கத்தில் வளர்ந்து உணவுக்குழாயை வளையம்போல் இறுக்கினால் இப்படி நடக்கும். வாந்தி மருந்து கொடுத்து வாரங்களைக் கடத்தினால் உணவுக்குழாய் பை மாதிரி விரிந்துவிடும், அப்புறம் அறுவை செய்தாலும் முழுதாகத் திரும்பாது.

10. மாத்திரை விஷயத்தில்

எக்கோவுக்கு முன் இதய மாத்திரை தொடங்காதீர்கள். ஒரு கோளாறுக்கு நல்லது இன்னொன்றுக்கு விஷம். இதயத்தைப் பலமாகச் சுருங்கவைக்கும் பிமோபென்டான், பெருந்தமனி குறுகிய நாய்க்குக் கொடுக்கக் கூடாதது. மூச்சிரைப்பு முற்றிய குட்டிக்கு நீர் இறக்கும் ஊசியும் ஆக்சிஜனும் உடனே தேவைப்படலாம். அது மருத்துவமனையில் டாக்டர் எடுக்கும் முடிவு.

நீர் மாத்திரை எழுதித் தந்தால் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைக்காதீர்கள். 'அடிக்கடி மூத்திரம் போகிறது' என்று தண்ணீரைக் குறைத்து, சிறுநீரகத்தைக் கெடுத்த வீடு ஒன்றை அறிவேன். அப்பாவின் பி.பி. மாத்திரையைக் கால் துண்டு போட்டுக் கொடுப்பதும் வேண்டாம்.

11. தடுப்பூசி, கருத்தடை, நடை

இதயச் சத்தம் இருக்கிறது என்று தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். பார்வோ வைரஸ் நோய் வந்தால் இதயத்தைச் சரிசெய்ய நேரமே இருக்காது. குட்டி மூச்சிரைத்துக்கொண்டிருந்தால் மட்டும், அது அடங்கும்வரை டாக்டர் தள்ளிவைப்பார்.

கருத்தடை இதயத்துக்குப் பிறகு. மயக்க மருந்து கொடுப்பவருக்கு எக்கோ தாளைக் காட்டாமல் எந்த அறுவைக்கும் கையெழுத்துப் போட வேண்டாம். கருத்தடையை முழுக்க விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் இந்தக் கோளாறுகளில் பலவும் பரம்பரையாக வருபவை. சரிசெய்துவிட்டாலும் குட்டி போடவிடக் கூடாது.

நடையைக் குட்டியே தீர்மானிக்கட்டும். உட்கார்ந்தால் நீங்களும் நில்லுங்கள், இழுக்காதீர்கள். பந்து எறிவது கடுமையான சுருக்கம் உள்ளவற்றுக்கு ஆகாது. கோடையில் காலை ஏழுக்கு முன் முடித்துவிடுங்கள்.

12. கூடப் பிறந்தவை

குட்டியைக் கொடுத்தவருக்கு ஒரு போன் செய்யுங்கள். சண்டை போட வேண்டாம், பணம் திருப்பிக் கேட்பதும் அப்புறம் இருக்கட்டும். எக்கோ தாளைப் படம் எடுத்து அனுப்பி, மற்றக் குட்டிகள் எந்த வீட்டில் இருக்கின்றன என்று மட்டும் கேளுங்கள். பட்டுவோடு பிறந்தவை மூன்று. இரண்டு வீட்டின் எண்தான் கிடைத்தது. அதில் ஒன்று, அக்குளில் வைத்துக் கேட்டபோது, அதே மோட்டார் சத்தம்.